கார் சீட்டை எப்போது முன்னோக்கித் திருப்புவது?

குழந்தை முதல் பிறந்தநாளைத் தாண்டியதும், காரில் அதற்கெனப் பொருத்தும் தனிச் சீட்டைப் பார்த்து, “இன்னுமா முதுகைக் காட்டி உட்கார வைத்திருக்கிறீர்கள்?” என்று யாராவது கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். விடை தேடிப் போனால்தான் தலை சுற்றும். கடைக்காரர் ஒன்று சொல்வார், பெட்டியின் மேல் ஒன்று அச்சிட்டிருக்கும், மருத்துவர் வேறொன்று சொல்வார், சட்டம் இன்னொன்று சொல்லும். இந்த நான்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, சீட்டின் கையேட்டையும் காரின் கையேட்டையும் வரிவரியாகப் படித்து ஒரு வழியாகத் தெளிந்தேன். அடுத்தவர் இத்தனை அலைய வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்ப அனுமதி எப்போது தொடங்குகிறது என்று பார்க்காதீர்கள். பின்னோக்கி, அதாவது குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காரும்படி, வைக்கும் வரம்பு எப்போது முடிகிறது என்று பாருங்கள். பின்னோக்கிய நிலையில் உங்கள் சீட்டுக்கு ஓர் எடை வரம்பும் ஓர் உயர வரம்பும் உண்டு. குழந்தை இரண்டில் எதை முதலில் எட்டுகிறதோ, அப்போதுதான் திருப்ப வேண்டும். அதுவரை திருப்புவதற்கு அவசரமே இல்லை.

1. காரணம் தெரிந்தால் குழப்பம் பாதி தீரும்

கடுமையான விபத்துகளில் முன்பக்க மோதல்தான் அதிகம். ஓடும் பஸ் சட்டென்று நின்றால் கம்பியைப் பிடித்திருப்பவரின் உடம்பு நின்றாலும் தலை முன்னே போய்த் திரும்புமே, அதுதான் மோதலிலும் நடக்கிறது. வேகம் மட்டும் பல மடங்கு. முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் தோளையும் இடுப்பையும் வார்கள் பிடித்து நிறுத்துகின்றன. தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அதன் வேகத்தை முழுவதுமாகக் கழுத்து தாங்க வேண்டியிருக்கிறது.

பிறந்த குழந்தையின் நீளத்தில் தலை மட்டுமே ஏறக்குறைய கால்பங்கு. பெரியவர்களுக்கு அது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. சிறு குழந்தையின் கழுத்து முள்ளெலும்புகள் முழு எலும்பாகவும் இருப்பதில்லை. பல துண்டுகளாக, இடையில் குருத்தெலும்பால் இணைந்திருக்கும். கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பின் பாகங்கள் ஒன்றோடொன்று இறுகிச் சேரவே 3 முதல் 6 வயது வரை ஆகிறது. “அவன் கழுத்து எப்போதோ நின்றுவிட்டதே, ஓடுகிறானே” என்று சொல்வதில் பயனில்லை. தலையை நிமிர்த்திப் பிடிப்பது தசையின் வேலை. மோதலில் சோதிக்கப்படுவது எலும்பும் தசைநாரும்.

பின்னோக்கி உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சீட்டின் ஓட்டுக்குள் (அதன் கெட்டியான கூட்டுக்குள்) ஒரே நேரத்தில் அழுந்துகின்றன. அந்த விசை முதுகுப் பரப்பு முழுவதிலும் பரவுகிறது. கழுத்து தனியாக இழுபடுவதில்லை. இதற்கு மேல் இயற்பியல் வேண்டியதில்லை.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

முடிவெடுக்க உட்காரும் முன் இவற்றை ஒரே இடத்தில் சேர்த்துவிடுங்கள். தேடித் தேடி எடுத்தால் நடுவில் ஒன்றை விட்டுவிடுவோம்.

• சீட்டின் கையேடு. தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு வரம்புகளோடு சீட்கள் வந்திருக்கும்.
• சீட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள்களின் புகைப்படங்கள். பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கும். துணி உறைக்கு அடியிலும் ஒன்று ஒளிந்திருக்கலாம்.
• காரின் கையேடு. அதில் குழந்தைகள் சீட் பற்றித் தனி அத்தியாயமே இருக்கும். எந்த இருக்கையில் எதைப் பொருத்தலாம், சீட்டை மாட்டும் கொக்கிகள் எங்கே, எவ்வளவு எடை தாங்கும் என்பதெல்லாம் அங்கேதான்.
• குழந்தையின் எடை, உயரப் பதிவு. தடுப்பூசி அட்டையிலேயே பெரும்பாலும் குறித்திருப்பார்கள்.
• வாங்கிய ரசீதும் உற்பத்தித் தேதியும். சீட்டோடு பதிவு அட்டை வந்திருந்தால் அதை நிரப்பி அனுப்பியாயிற்றா என்று பாருங்கள். குறைபாடு கண்டுபிடித்துத் தயாரிப்பாளர் சீட்டைத் திரும்ப அழைத்தால், பதிவு செய்தவருக்குத்தான் நேரடியாகத் தகவல் வரும்.

3. லேபிளைப் படிப்பது

குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான். பல சீட்களில் இரண்டு நிலைகளுக்கும் தனித்தனி வரம்புகள் எழுதியிருக்கும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வீச்சுதான் இருக்கும், உதாரணமாக “பிறப்பு முதல் 18 கிலோ வரை”. அதில் எத்தனை கிலோ வரை பின்னோக்கி என்பது சிறிய எழுத்தில்தான் இருக்கும். தேட வேண்டியது அந்தச் சிறிய எழுத்தை.

ஐரோப்பிய ஒழுங்குமுறையைப் பின்பற்றும் சீட்டாக இருந்தால், வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் கொண்ட ஆரஞ்சு நிற லேபிள் இருக்கும். அதில் இரண்டு தலைமுறைகள் உண்டு. பழையது ஆர்44, அது எடையை வைத்துப் பிரிக்கிறது. பூஜ்ஜியம் பிளஸ் என்ற பிரிவு 13 கிலோ வரை. அடுத்த பிரிவு 9 முதல் 18 கிலோ வரை. புதியது ஆர்129, பலர் ஐ-சைஸ் என்ற பெயரில் அறிந்திருப்பார்கள். அது உயரத்தை சென்டிமீட்டரில் சொல்கிறது. அதிலும் கிலோ வரம்பு சேர்ந்தே இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆர்44இல் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பிரிவு 13 கிலோ வரை, அடுத்தது 9 கிலோவிலிருந்து என்பதால், நடுவில் 4 கிலோ அகலத்துக்கு ஒரு பகுதி இரண்டிலும் விழுகிறது. “9 கிலோ ஆகிவிட்டது, திருப்பிவிடலாம்” என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. நல்ல எடையுள்ள குழந்தைக்கு ஒரு வயதுக்கு முன்பே 9 கிலோ வந்துவிடும். அதன் கழுத்து எலும்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

அமெரிக்கச் சீட்களில் பவுண்டிலும் அங்குலத்திலும் எழுதியிருக்கும். இரு நிலையிலும் பொருத்தக்கூடிய சீட்களில் பின்னோக்கிய வரம்பு 40 பவுண்டு அல்லது 50 பவுண்டு என்று வருவது சாதாரணம், அதாவது ஏறக்குறைய 18 அல்லது 22.7 கிலோ. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டியும் பின்னோக்கி உட்கார அது போதும்.

உங்கள் சீட்டுக்கான இரண்டு எண்களைக் கண்டுபிடித்ததும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சீட்டின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள்: பின்னோக்கி இத்தனை கிலோ வரை, இத்தனை சென்டிமீட்டர் வரை. அடுத்த முறை யாராவது கேட்டால் விவாதம் வேண்டாம், தாளைக் காட்டினால் போதும்.

4. குழந்தையை அளப்பது

எடைக்கு வீட்டுத் தராசே போதும். நீங்கள் தனியாக ஏறி ஒரு முறை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை. வித்தியாசம்தான் குழந்தையின் எடை. உயரத்துக்குச் சுவரோரம் நிற்க வைத்து, தலையில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துக் கோடு போடுங்கள். செருப்பு வேண்டாம். குடுமி வேண்டாம்.

நிற்கும் உயரம் மட்டும் போதாது. ஒரே உயரமுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்குக் கால் நீளமாக இருக்கும், மற்றதற்கு உடல் நீளமாக இருக்கும். சீட்டுக்குள் முதலில் நிறைவது உடல் நீளமான குழந்தைதான். அதனால் சீட்டில் உட்கார வைத்தும் பார்க்க வேண்டும். குழந்தை முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்திருக்கும்போது உச்சந்தலைக்கும் ஓட்டின் மேல் விளிம்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். பல அமெரிக்கச் சீட்களின் கையேடுகள் 2.5 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு ஸ்கேலைத் தலையின் மேல் படுக்கையாக வைத்து, ஓட்டில் அது தொடும் இடத்திலிருந்து விளிம்பு வரை அளந்தால் தெரிந்துவிடும். தலைத்தாங்கி ஏறி இறங்கும் சீட்டாக இருந்தால், விளிம்பு என்பது ஓட்டின் விளிம்பா, தலைத்தாங்கியின் விளிம்பா என்பதைக் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். சீட்டுக்குச் சீட் மாறுகிறது.

தோள் வார்களையும் அப்போதே பாருங்கள். பின்னோக்கிய நிலையில் வார் வெளியே வரும் துளை, குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். ஆக மேலே உள்ள துளையையும் தோள் தாண்டிவிட்டால், எடை மிச்சமிருந்தாலும் சில சீட்களில் பின்னோக்கிய நிலை முடிந்தது என்று பொருள்; உங்கள் சீட்டுக்கு எப்படி என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதுமானது. வரம்புக்கு ஒரு கிலோவோ இரண்டு சென்டிமீட்டரோ மிச்சமிருக்கும்போது மாதம் ஒரு முறையாக்குங்கள்.

5. சட்டமும் வயதும் குறைந்தபட்ச எல்லை மட்டுமே

ஆர்129 ஒழுங்குமுறைப்படி 15 மாதம் ஆகும் முன் குழந்தையை முன்னோக்கி உட்கார வைக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் 2017ஆம் ஆண்டு முதல், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை பின்னோக்கித்தான் பயணிக்க வேண்டும். 40 பவுண்டு எடையோ 40 அங்குல உயரமோ இருந்தால் மட்டும் விலக்கு. நீங்கள் வண்டி ஓட்டும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அரசின் போக்குவரத்துத் துறைப் பக்கத்திலேயே படியுங்கள். அடுத்தவர் சொன்னதை நம்பி இருக்காதீர்கள்.

சட்டம் சொல்வது இதற்குக் கீழே போகாதே என்பதை மட்டும்தான். 15 மாதம் என்றால் 15 மாதத்தில் திருப்ப வேண்டும் என்று பொருளில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் முன்பு இரண்டு வயது வரை என்று பரிந்துரைத்தது. 2018இல் அந்த வயதையே எடுத்துவிட்டு, சீட்டின் எடை அல்லது உயர வரம்பு எட்டும் வரை, முடிந்தவரை நெடுங்காலம் பின்னோக்கியே வையுங்கள் என்று மாற்றிக்கொண்டது. ஸ்வீடனில் ஏறக்குறைய நான்கு வயது வரை பின்னோக்கி உட்கார வைப்பது நெடுநாள் வழக்கம். அங்கே பிளஸ் டெஸ்ட் என்று கழுத்தின் மேல் விழும் விசையை அளக்கும் தனிச் சோதனையே இருக்கிறது. அதில் தேறுபவை பின்னோக்கிய சீட்கள்தான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, தசைத் தளர்ச்சி உள்ள குழந்தை, டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தை என்றால் இந்தக் கட்டுரையை வைத்து முடிவெடுக்காதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள்.

6. கூடைச் சீட் சிறிதானால் திருப்புவதில்லை, மாற்றுவது

பிறந்தவுடன் வாங்கும், கைப்பிடி வைத்த கூடைச் சீட் பின்னோக்கி மட்டுமே பொருந்தும். அதன் வரம்பு பெரும்பாலும் 13 கிலோவைச் சுற்றித்தான். அதிலும் குழந்தை எடை வரம்பை எட்டும் முன் உயரத்தால் வெளியேறிவிடுவதே வழக்கம். அப்போது பலரும் அடுத்த சீட் என்றாலே முன்னோக்கியது என்று எண்ணி வாங்கிவிடுகிறார்கள். கடையின் அடுக்கிலும் அப்படித்தான் வரிசைப்படுத்தியிருப்பார்கள். கூடை சிறிதானால் அடுத்து வேண்டியது பெரிய பின்னோக்கிய சீட்.

செலவுக் கணக்கும் இங்கேதான் வருகிறது. குறைந்த பின்னோக்கிய வரம்புள்ள மலிவான சீட்டை இப்போது வாங்கினால், குழந்தை அதைத் தாண்டியதும் இரண்டு வழிதான்: சீக்கிரமே திருப்ப வேண்டும், அல்லது இன்னொரு சீட் வாங்க வேண்டும். முதலிலேயே பின்னோக்கி 18 கிலோ அல்லது 105 சென்டிமீட்டர் வரை போகும், பிறகு முன்னோக்கியும் திருப்பக்கூடிய ஒரு சீட்டை வாங்கினால் மொத்தத்தில் செலவு குறையும். இருந்த இடத்திலேயே சுழலும் சீட்களுக்கு விலை கூடும். குழந்தையை ஏற்றி இறக்கும் உங்கள் இடுப்புக்கு நல்லது என்பதைத் தவிர, அந்தச் சுழற்சியால் பாதுகாப்பு ஒன்றும் கூடிவிடாது. சொல்லப்போனால் ஒரு பொத்தானை அழுத்தினால் திரும்பிவிடும் என்பதாலேயே சீக்கிரம் திருப்பத் தோன்றும்.

பழைய சீட்டை யாராவது தந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: விபத்தில் இருந்ததா, காலாவதித் தேதி என்ன, கையேடும் எல்லாப் பாகங்களும் இருக்கின்றனவா. முதல் கேள்விக்கு உறுதியான பதில் சொல்லத் தெரியாதவரிடமிருந்து வாங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பர் 1 முதல் ஆர்44 சீட்களைப் புதிதாக விற்கக் கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர் தொடர்ந்து பயன்படுத்தலாம். தள்ளுபடியில் தேங்கிய சரக்கைத் தேடிப் போக வேண்டாம்.

7. “திருப்பிவிடலாமே” என்று சொல்ல வைக்கும் காரணங்கள்

கால் இடிக்கிறது. எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். பார்க்கச் சிரமமாகத்தான் தெரியும்: முழங்கால் மடங்கி, பாதம் காரின் இருக்கைச் சாய்வில் அழுந்தி இருக்கும். ஆனால் குழந்தையைத் தரையில் விட்டுப் பாருங்கள். சம்மணம் போட்டும், தவளைபோல் கால்களை விரித்தும், மடக்கியும் மணிக்கணக்கில் அது உட்கார்ந்து விளையாடும். என் மகள் பின்னோக்கிய சீட்டில் ஒரு காலை மடக்கி அதன் மேல் இன்னொன்றைப் போட்டு, கட்டைவிரலால் இருக்கையின் தையலை நெருடிக்கொண்டு வருவாள். கால் இடிபடுவது வரம்புகளில் ஒன்றல்ல. மோதலில் கால் அடிபடுவதும் முன்னோக்கிய நிலையில்தான் அதிகம். கால்கள் வீசி எழுந்து முன் இருக்கையின் முதுகில் மோதுகின்றன. எப்படியிருந்தாலும் கால் எலும்பு முறிந்தால் கட்டுப்போட்டுச் சேர்க்கலாம்.

அழுகிறது. இதற்கு மட்டும் நான் பெற்றோர் பக்கம். முகம் தெரியாமல் பின்னாலிருந்து வரும் அழுகையோடு வண்டி ஓட்டுவது கொடுமை. ஆனால் திருப்பினால் அழுகை நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கட்டிப்போட்டதற்காக அழும் குழந்தை எந்தப் பக்கம் பார்த்தாலும் அழும். முதலில் மற்றவற்றைப் பாருங்கள். வார் தொடையில் உறுத்துகிறதா, பிறந்த குழந்தைக்கான மெத்தைச் செருகல் இன்னும் உள்ளேயே இருந்து இடத்தை அடைக்கிறதா, வெயில் நேராக முகத்தில் விழுகிறதா, சாய்வு அளவுக்கு மீறிப் படுத்த நிலையில் இருக்கிறதா. வளர்ந்த குழந்தைக்குச் சற்று நிமிர்ந்த சாய்வைப் பல சீட்கள் அனுமதிக்கின்றன. நிமிர்த்தியதும் ஜன்னல் தெரியும். பாதி அழுகை அங்கே தீரும்.

வாந்தி எடுக்கிறது. சில குழந்தைகளுக்குப் பயண ஒவ்வாமை உண்மையிலேயே உண்டு. அது முன்னோக்கித் திரும்பிய பிறகும் தொடரலாம். கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுக்காமல் இருப்பது, காற்றோட்டம், அடிக்கடி நிறுத்துவது இவற்றை முயன்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

கார் சிறியது, முன்னால் உட்காருபவருக்குக் கால் நீட்ட இடமில்லை. இது நியாயமான சிக்கல்தான். சீட்டை வாங்கும் முன்பே காரில் வைத்துப் பாருங்கள். சாய்வை மாற்றினால் சில சென்டிமீட்டர் கிடைக்கும். சீட் முன் இருக்கையைத் தொடலாமா கூடாதா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஒன்றை மட்டும் எந்த நாளும் செய்யாதீர்கள்: இடமில்லை என்று சொல்லி, ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் பின்னோக்கிய சீட்டை வைக்காதீர்கள். விரியும் ஏர்பேக் சீட்டின் முதுகில், சரியாகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும். உயிரையே பறித்துவிடும்.

தாத்தா பாட்டியின் காரில் இருப்பது முன்னோக்கிய சீட்தான். அங்கேயும் இதே விதிதான். ஒரே சீட்டை இரண்டு கார்களுக்கு மாற்றி மாற்றிப் பொருத்துவதாக இருந்தால், பொருத்தப் போகிறவருக்கு நேரில் ஒரு முறை செய்து காட்டுங்கள். போனில் விளக்குவது வேலைக்கு ஆகாது.

8. திருப்பும் நாள்

வரம்பு எட்டிவிட்டது, இதைவிட அதிக வரம்புள்ள பின்னோக்கிய சீட் வாங்கும் எண்ணமும் இல்லை என்றால் திருப்பலாம். அதற்கு முன் முன்னோக்கிய நிலைக்கான குறைந்தபட்ச வயது, எடை, உயரம் மூன்றையும் குழந்தை கடந்திருக்கிறதா என்று லேபிளில் ஒரு முறை பாருங்கள். நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் காலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். விடுமுறை நாளாக, வெளிச்சமான நேரமாக, குழந்தை தூங்கும் வேளையாகப் பாருங்கள். முதல் முறை என்றால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

திருப்புவது என்றால் சீட்டைக் கழற்றி மறுபக்கமாக வைப்பது மட்டுமல்ல. மாற வேண்டியவை பல.

அ. பெல்ட் போகும் வழி. இருநிலைச் சீட்டில் காரின் சீட் பெல்ட் நுழையும் பாதை இரண்டு. பல சீட்களில் பின்னோக்கிய பாதைக்கு நீலமும் முன்னோக்கிய பாதைக்குச் சிவப்பும் அடையாளம் போட்டிருப்பார்கள். தவறான பாதையில் பெல்ட்டை விட்டால் சீட் இறுகியதுபோலத் தோன்றும், மோதலில் பிடிக்காது.

ஆ. சாய்வு. பின்னோக்கிய நிலையில் படுத்தாற்போல் இருந்ததை நிமிர்த்த வேண்டும். முன்னோக்கி எத்தனையாவது சாய்வு நிலை வரை அனுமதி என்பது கையேட்டில் இருக்கும்.

இ. தோள் வார். இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பின்னோக்கிய நிலையில் வார் தோளுக்கு நேராகவோ கீழேயோ இருந்தது அல்லவா; முன்னோக்கித் திருப்பியதும் தோளுக்கு நேராகவோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். வாரை ஒரு துளை மேலே ஏற்றும்போது இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா, உள்ளே முறுக்கிக்கொள்ளவில்லையா என்று பின்புறத்திலிருந்தும் பாருங்கள்.

ஈ. மேல் பட்டை. டாப் டெதர் என்று கையேட்டில் இருக்கும். சீட்டின் தலைப்பக்கத்திலிருந்து புறப்பட்டு, காரின் இருக்கைக்குப் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டும் பட்டை இது. மோதலில் தலை முன்னே போகும் தூரத்தை 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை குறைக்கிறது. முன் இருக்கையின் முதுகில் தலை இடிப்பதும் இடிக்காமல் போவதும் அந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது. செடான் கார்களில் இந்தக் கொக்கி பின்கண்ணாடியின் கீழுள்ள பலகையில், சிறிய மூடிக்கு அடியில் இருக்கும். ஹேட்ச்பேக் போன்றவற்றில் இருக்கையின் முதுகிலோ, பெட்டி வைக்கும் இடத்தின் தரையிலோ, கூரையிலோ இருக்கலாம். நங்கூரப் படம் போட்டிருந்தால் அதுதான் சரியான கொக்கி. சாமான் கட்டும் வளையமும் பக்கத்திலேயே அதே தோற்றத்தில் இருக்கும். அதில் மாட்டிவிடாதீர்கள், அது இந்த விசைக்காகச் செய்யப்பட்டதல்ல. சில சீட்களில் மேல் பட்டைக்குப் பதிலாகத் தரையில் ஊன்றும் கால் இருக்கும். அப்படியானால் காலை ஊன்றும் இடத்தில் தரைக்கடியில் பொருள் வைக்கும் அறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அங்கே ஊன்றலாமா என்பதைக் காரின் கையேடு சொல்லும்.

உ. ஐசோஃபிக்ஸ் எடை வரம்பு. ஐசோஃபிக்ஸ் என்பது சீட் பெல்ட் இல்லாமல் சீட்டை நேராக மாட்ட, காரின் இருக்கையிலேயே இருக்கும் கொக்கிகள். அவை என்றென்றைக்கும் தாங்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆர்129 கணக்கில் சீட், குழந்தை இரண்டின் எடையும் சேர்ந்து 33 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் 65 பவுண்டு. எட்டிய பிறகு காரின் சீட் பெல்ட்டால் பொருத்த வேண்டியிருக்கும். உங்கள் சீட் அதை அனுமதிக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். அனுமதித்தாலும், இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, ஒன்று மட்டும்தான்.

ஊ. காரின் தலைத்தாங்கி. அது சீட்டை முன்னே தள்ளினால் உயர்த்த வேண்டும், அல்லது கழற்ற வேண்டும். கழற்றியதை வண்டிக்குள் தளர்வாகப் போட்டு வைக்காதீர்கள்.

9. கையால் செய்யும் மூன்று சோதனைகள்

பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டை ஒரு கையால் பிடித்து, இடமும் வலமும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் எந்தச் சீட்டும் ஆடும், அது கணக்கில்லை.

குழந்தையை உட்கார வைத்து வாரை இறுக்கிய பின், தோள்பட்டை எலும்புக்கு மேல் வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெடுக்குவாக்கில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலுக்குள் வந்தால் தளர்வாக இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. பருமனான ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் அணிந்திருக்கும்போது இந்தச் சோதனை ஏமாற்றும். துணிக்குள் இருக்கும் காற்று மோதலில் நசுங்கி, வார் திடீரென்று தொளதொளவென்றாகிவிடும். மெல்லிய உடையோடு கட்டிவிட்டு, குளிருக்கு மேலே போர்த்துங்கள்.

மார்புக் கிளிப் உள்ள சீட்டாக இருந்தால் அது அக்குளுக்கு நேராக இருக்க வேண்டும். வயிற்றுக்கு இறங்கியிருப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகும் சந்தேகம் இருந்தால் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கென்றே சான்றிதழ் பெற்றவர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் கட்டணம் இல்லாமலே பார்த்துச் சொல்வார்கள். போகும்போது இரண்டு கையேடுகளையும் குழந்தையையும் கூட்டிச் செல்லுங்கள். அவர்களே பொருத்திக் கொடுக்க முன்வந்தாலும், நீங்கள் பொருத்த அவர்கள் பார்த்துத் திருத்தும்படி கேளுங்கள். அடுத்த முறை கழற்றி மாட்டப் போவது நீங்கள்தான்.

திருப்பியது பொருந்தவில்லை என்று தோன்றினால், குழந்தை இன்னும் பின்னோக்கிய வரம்புக்குள் இருந்தால், தயங்காமல் மறுபடி பின்னோக்கி வைத்துவிடலாம். குழந்தை இரண்டு நாள் முணுமுணுக்கும். பிறகு பழகிவிடும்.

10. காலாவதி, விபத்து, பழைய சீட்

சீட்டுக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் உற்பத்தித் தேதியிலிருந்து 6 முதல் 10 ஆண்டுகள். லேபிளிலோ ஓட்டின் அடியிலோ அச்சிட்டிருப்பார்கள், இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். வாங்கிய தேதியிலிருந்து எண்ணாதீர்கள். அடுத்த குழந்தைக்கும் இதே சீட் என்ற திட்டம் இருந்தால் இந்தக் கணக்கை இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.

விபத்துக்குள்ளான சீட்டை மாற்றிவிட வேண்டும். மிகச் சிறிய மோதலுக்கு விலக்கு உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அளவுகோல் இது: வண்டியை ஓட்டிக்கொண்டே போக முடிந்தது, சீட்டுக்கு அருகில் உள்ள கதவு சேதமாகவில்லை, யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் விரியவில்லை, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதம் இல்லை. ஐந்தும் பொருந்தினால்தான் சிறிய மோதல். சில தயாரிப்பாளர்கள் எந்த மோதலானாலும் மாற்றுங்கள் என்பார்கள். அப்போது கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. மாற்றும் செலவை வண்டிக் காப்பீடு ஏற்கிறதா என்று கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்கும்தான்.

காலாவதியான சீட்டையோ விபத்தில் சிக்கியதையோ அப்படியே குப்பையோரம் வைத்துவிடாதீர்கள். நன்றாக இருக்கிறதே என்று யாராவது எடுத்துச் சென்று தன் குழந்தையை உட்கார வைத்துவிடுவார். வார்களைக் கத்தரித்து, துணி உறையைக் கழற்றி, ஓட்டின் மேல் அழியாத மையால் ‘பயன்படுத்தாதீர்’ என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.